என் பெயரைத் திருத்தியவர்கள்

மகளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் மாறியிருந்ததைக் கடையில் நின்றபடிதான் பார்த்தேன். காளவாசலில் இருபத்தாறு வருஷமாக மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று பரவையிலிருந்து ஒருவர் கொண்டுவந்திருந்த கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கருகிப்போன கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கொடுத்தது. சம்பந்தி அனுப்பியிருந்தார். ‘ப்ரூப் பார்த்துச் சொல்லவும். நாளை அச்சுக்குப் போகிறது’ என்று எழுதி, கீழே பத்திரிகையின் படம்.

கையைப் பழைய துணியில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகன் வீட்டுப் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. சம்பந்தியின் பெயருக்குப் பின்னால் அவருடைய பட்டங்கள், அதற்குக் கீழே ‘தலைமையாசிரியர், ஓய்வு’ என்பது வரை ஒன்றும் விட்டுப்போகவில்லை. மணமகளின் தகப்பனார் என்ற இடத்தில் சந்திரன் என்று இருந்தது.

என் பெயர் சந்திரன் இல்லை. சந்தியாகு.

அச்சுக்கோத்தவர் தெரியாமல் செய்த தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ‘என் பெயர் தவறாக இருக்கிறது, சந்தியாகு என்று மாற்றச் சொல்லுங்கள்’ என்று பதில் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது போனில் தெரிந்தது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு, ‘சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். நேரில் பேசலாம்’ என்று வந்தது. ஓர் எழுத்துப் பிழையை நேரில் பேச வேண்டியதில்லை. அப்போதே எனக்குள் சூடு ஏறிவிட்டது.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன் நான். எங்களுக்குப் பேரையூருக்கு மேற்கே மானாவாரிக் காடு. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. என் அப்பா மிளகாய் வற்றல் ஏற்றிய லாரியோடு ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் போய்வருவார். அங்கே ஒரு மாதா கோயிலில் குதிரைமேல் வாளோடு ஒரு சாமி. எங்கள் எல்லைச் சாமியும் குதிரைமேல்தான் இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு அது வேற்றுச் சாமியாகத் தெரியவில்லை. கூட்டத்தில் பாதி நம்ம ஆட்கள்தான் என்பார். பிள்ளை தங்கினால் உன் பேரை வைக்கிறேன் என்று அந்தச் சாமியிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் தங்கினேன். பேரை வைத்தார். அவ்வளவுதான் எங்களுக்கும் அந்தக் கோயிலுக்கும் உள்ள சம்பந்தம். மொட்டை போட்டதும் காது குத்தியதும் எங்கள் குலதெய்வக் கோயிலில்தான்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வருகைப் பதிவை வாசிக்கும்போது என் பெயரில் நின்றுவிடுவார். “சந்தியாங்கிறதுதான்டா பேரு. கு வந்து நாலாம் வேற்றுமை உருபு. எந்தச் சந்தியாவுக்கு என்ன குடுக்கப் போற?” என்பார். வகுப்பே சிரிக்கும். ஊரில் தபால்காரர் ஒருவர்தான் எனக்கு ஆறுதலாக ஒரு பொருள் சொன்னார். சந்தி என்றால் சமாதானம், சமாதானமாக ஆகு என்று அர்த்தம் என்றார். நானும் நம்பிவிட்டேன். கடைக்கு வருபவர்களிடம் பல வருஷம் அதையே சொல்லியிருக்கிறேன். “உங்களுக்குப் போயி சமாதானம்னு பேரு வச்சாய்ங்க பாருங்க” என்று என் மனைவி சொல்வாள்.

கல்யாணமான புதிதில் அவளோடு கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். தட்டை வாங்கிய அவர் கை அப்படியே நின்றது. “இந்து தானே நீங்க?” என்று கேட்டார். பின்னால் வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் குருக்கள் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, “சாமி பேருக்கே பண்ணிருங்க” என்று சொல்லிவிடுவாள். முப்பது வருஷத்தில் என் பெயருக்கு ஓர் அர்ச்சனைகூட நடந்ததில்லை.

கடை ஆரம்பித்தபோது என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். என் பெயரைத்தான் வைத்தேன். சிவப்பு எழுத்தில், அரை ஆள் உயரத்துக்கு. அதில் கொஞ்சம் வீம்பு உண்டு.

இப்போது மகளின் சம்பந்தத்துக்கு வருகிறேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பையனுக்கு நல்ல வேலை. குடும்பமே படித்த குடும்பம். ஜாதகத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த அன்றே தலைமையாசிரியர் கேட்டார். “கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க மதம் மாறுனவங்களா?” நான் கடற்கரை, குதிரை, மூன்று பிள்ளைகள் என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். “அதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க” என்றார். பூ வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். விஷயமே இல்லை என்று அவர் வாயால் சொன்னதை நான் நம்பினேன்.

பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். தலைமையாசிரியர் நிதானமாகப் பேசக்கூடியவர். எதிரில் இருப்பவருக்குப் புரியாது என்ற எண்ணத்திலேயே பேசிப் பழகிய நிதானம்.

“எங்க பக்கம் பெரிய சொந்தம் சம்பந்தி. பத்திரிகையைப் பாத்த உடனே, என்ன சார் வேதக்காரப் பொண்ணை எடுத்துட்டீங்கன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.”

“கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதானே.”

“சொன்னா நம்பணுமே.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். “இந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் தேடிப் பாத்தேன். இது ஸ்பெயின் நாட்டுப் பேரு. சான்டியாகோ. அதுல வர்ற யாகோ யாருன்னா யாக்கோபு. அதுக்கு என்ன போட்ருக்குன்னா, குதிங்காலைப் பிடிக்கிறவன். அடுத்தவன் எடத்தைப் பிடிக்கிறவன். ஏமாத்துறவன்னும் ஒரு பொருள் இருக்கு. ஒரு மங்கல காரியத்துல இந்த மாதிரிப் பேரு எதுக்கு சொல்லுங்க?”

ஐம்பத்தாறு வயதில் என் பெயரின் நிஜ அர்த்தத்தை முதன்முறையாகக் கேட்கிறேன். அதைக் கேட்டது இப்படி ஒருவர் வாயிலிருந்து. எழுந்து போய்விட வேண்டும் என்று கால் துடித்தது. பெண்ணைப் பெற்றவன் என்பதால் உட்கார்ந்திருந்தேன். அந்த உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவர் அதோடு விடவில்லை. “உங்க கடை போர்டையும் கல்யாணம் முடியிற வரைக்கும் ஏதாவது பேனரை வச்சு மறைச்சுட்டா நல்லாருக்கும். எங்க ஆளுங்க அந்த வழியாத்தான் மண்டபத்துக்கு வரணும்.”

“என்னைக் கேக்காம எனக்கு வேற பேரு வைக்க உங்களுக்கு யாரு சார் உரிமை குடுத்தா?”

குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே இருந்து அவருடைய மனைவி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சந்திரன்கிற பேரை நாங்க வைக்கலை. பத்திரிகைக்கு என்ன பண்றதுன்னு பையன் உங்க பொண்ணுகிட்ட போன்ல கேட்டான். அதுதான் சொல்லுச்சு. காலேஜ்ல இருந்தே எங்கப்பா பேரு சந்திரன்னுதான் சொல்லிக்கிட்டு வாரேன், அதையே போட்ருங்கன்னு.”

நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்று கேட்டேன்.

“சந்திரன் யாரு?”

மகள் தெரியாதவள் போல நடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “உக்காருங்கப்பா” என்றாள்.

“எத்தனை வருஷமா?”

“காலேஜ் சேந்ததுல இருந்து.”

“அப்பன் பேரைச் சொல்ல அம்புட்டு அசிங்கமா இருக்கா?”

“அசிங்கம் இல்லப்பா. அலுப்பு.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க கடைக்குள்ளயே இருக்கீங்க. உங்களை எல்லாரும் அண்ணேன்னு கூப்பிடுறாங்க. நான் வெளிய போறேன். ஹாஸ்டல்ல கேப்பாங்க, இண்டர்வியூல கேப்பாங்க. அப்பா பேரைச் சொன்னா கிறிஸ்டியனாம்பாங்க. இல்லைன்னா, அப்பறம் எப்படி இந்தப் பேருன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் செத்துப்போன மூணு பிள்ளைங்க கதையை நான் சொல்லணுமா?”

“சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?”

“ஆமா, கொறஞ்சுதான் போறேன். பாதிப் பேரு உச்சுக்கொட்டுறாங்க. பாதிப் பேரு நம்புறதில்லை. மதம் மாறிட்டு மறைக்கிறோம்னு நினைக்கிறாங்க. நான் வந்த வேலை என்ன, சொல்ற கதை என்ன. உங்களுக்கு அந்தப் பேரு மேல பிடிவாதம். எனக்கு அது ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பரீட்சை.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நீங்க இம்புட்டுப் பேசுறீங்களே, அந்த மூணு பிள்ளைங்களுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

பதில் இல்லாதபோது வருகிற கோபம்தான் மோசமான கோபம். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தேன். அது சுவரில் மோதிக் கால் முறிந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “நாற்காலி என்ன பண்ணுச்சு உங்களை” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் இந்த விஷயம் முன்பே தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. சந்திரன் என்று ஓர் ஆள் பல வருஷமாக என் வீட்டுக்குள் என் இடத்தில் இருந்திருக்கிறான்.

மகள் சொன்னதில் ஞாயம் இருந்தது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயம் இல்லாமல் பேசியிருந்தால் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் ஒரு சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தினேன். எத்தனையோ வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. சாமியார் சின்ன வயதுக்காரர். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். என் பெயரையும் மகளின் கல்யாணப் பத்திரிகை விஷயத்தையும் சொல்லி, இதற்கு ஏமாற்றுகிறவன் என்று அர்த்தமாமே, நிஜமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்தார்.

“இயேசுவோட சீடர் ஒருத்தரை நாங்க யாகப்பர்னு சொல்லுவோம். அவரைத்தான் ஸ்பெயின்காரங்க யாகோன்னு கூப்பிட்டாங்க. சான்ட்னா புனிதர். அந்த ரெண்டையும் பிரிக்காம ஒட்டிச் சொல்லிச் சொல்லி சான்டியாகோன்னு ஒரே பேரு ஆயிருச்சு. ஜேம்ஸ், ஜேக்கப் எல்லாம் அதே மூலத்துல இருந்து வந்த பேருங்கதான். அந்தப் பேரு போர்ச்சுக்கல்காரங்களோட கப்பல்ல ஏறி நம்ம கடற்கரைக்கு வந்து சந்தியாகு ஆச்சு.”

“அர்த்தம்?”

“எல்லாத்துக்கும் மூலம் யாக்கோபு. வேதாகமத்துல ரெட்டைப் பிள்ளையில ரெண்டாவது பிள்ளை. அண்ணனோட குதிங்காலைப் பிடிச்சுக்கிட்டே பொறந்தவர். பின்னால மூத்தவனுக்கு உள்ள உரிமையைத் தந்திரமா வாங்கிட்டார். அதனால எடத்தைப் பிடிக்கிறவன்னு அர்த்தம் சொல்றாங்க. கடவுள் காப்பாராகன்னுதான் அதுக்கு ஆதிப் பொருள்னு சொல்ற அறிஞர்களும் உண்டு. உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கங்க.” பிறகு அன்பாகக் கேட்டார். “நீங்க எந்தப் பங்கு, எந்தச் சர்ச்சைச் சேந்தவங்க? பொண்ணு கல்யாணம் எந்தக் கோயில்ல?”

“நாங்க இந்துங்க சாமி.”

“ஓ” என்றார். அவர் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் அரை நொடி ஒன்று வந்துபோனது. அதே அரை நொடியைத்தான் கோயில் குருக்கள் முகத்திலும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே போனாலும் எங்க ஆள் இல்லை, இங்கே வந்தாலும் எங்க ஆள் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த நல்ல மனிதர்மேல் எதற்குக் கோபப்பட வேண்டும் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் கடை வந்து சேரும்வரை கோபமாகத்தான் ஓட்டினேன்.

அன்று மத்தியானம் நான் இரண்டு வேலை செய்தேன். போர்டு எழுதுகிறவரை வரவழைத்து, கடைப் பெயரில் வெயிலில் வெளுத்துப்போயிருந்த சிவப்பை மறுபடியும் அடர்த்தியாக அடிக்கச் சொன்னேன். பிறகு சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்துக்குப் போய், பெண் வீட்டு அழைப்பு என்று தனியாக முந்நூறு பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். அதே முகூர்த்தம், அதே மண்டபம். மணமகளின் தகப்பனார் சந்தியாகு.

மனைவி அன்று என்னோடு போட்ட சண்டை சாதாரணமானதில்லை. “பொண்ணு வாழ்க்கையைவிட ஒங்க அஞ்சு எழுத்து பெருசாப் போச்சா” என்றாள். சந்தியாகுவில் அஞ்சு எழுத்துதான், எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான். “மாத்தணும்னா அவய்ங்க என்னைக் கேட்டிருக்கணும். கேட்டு நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அது வேற. நான் செத்துப்போன மாதிரில்ல எல்லாரும் கூடி முடிவு பண்ணிருக்கீங்க.” சண்டை போட்டாலும் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவி வைத்தது அவள்தான்.

முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து நானும் மனைவியும் சம்பந்தி வீட்டுக்கே கொண்டுபோனோம். தலைமையாசிரியர் வாங்கி வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

“கல்யாணத்தை நிறுத்தப் பாக்குறீங்களா?”

“இல்லைங்க. உங்க பத்திரிகையை உங்க ஆளுங்களுக்குக் குடுங்க. எங்களோடதை எங்க ஆளுங்களுக்குக் குடுக்குறோம். கல்யாணம் ஒண்ணுதான்.”

“நான் சொன்ன அர்த்தத்தை நீங்க யோசிச்சுப் பாக்கவே இல்லையா?”

சாமியார் சொன்ன நல்ல பொருளை அப்போது சொல்லியிருக்கலாம். கடவுள் காப்பாராக என்று. அதைச் சொல்லி அவரிடம் பெயருக்கு நற்சான்று வாங்க எனக்கு இஷ்டம் இல்லை.

“யோசிச்சேன் சார். நீங்க சொன்னது சரிதான். எனக்கு முன்னாடி மூணு பேரு பொறந்து செத்துப்போனாங்க. அவங்க கெடந்த தொட்டில்லதான் என்னைப் போட்டாங்க. அவங்க இருந்திருந்தா அந்தக் காடும் வீடும் அவங்களுக்குத்தான். நான் அடுத்தவன் எடத்துல இருக்கிறவன்தான். அதை நெனைச்சு வச்சாங்களோ இல்லையோ, பேரு சரியாத்தான் அமைஞ்சிருக்கு. ஆனா ஏமாத்துறவன்னு சொன்னீங்க பாருங்க. பூ வைக்கிற அன்னைக்கு அது ஒரு விஷயமே இல்லைன்னு சொன்னது நீங்க. நான் இல்லை.”

அவர் மனைவி, “விடுங்கண்ணே, விடுங்க” என்று தட்டை வாங்கிக்கொண்டார். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி.

மகள் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்க மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு போனாள், என் கண் முன்னாலேயே. நான் தடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், “மாத்திரை போட்டீங்களா” என்று கேட்டாள். போட்டேன் என்றேன். எங்களுக்குள் சமாதானம் வந்தது அந்த அளவுக்குத்தான்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் காளவாசல் வெல்டிங் கடை, டயர் கடை ஆட்கள் சேர்ந்து ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. யாருக்கு வீட்டில் விசேஷம் என்றாலும் வைப்பதுதான். ‘எங்கள் அண்ணன் சந்தியாகு இல்லத் திருமணம்’ என்று, என் படத்தைவிடப் பெயரைப் பெரிதாகப் போட்டு. தலைமையாசிரியர் அதற்கு எதிரில் நின்றுதான் விருந்தாளிகளை வரவேற்க வேண்டியிருந்தது. அவருடைய சொந்தக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, “வாங்க சந்திரன்” என்றார். நான் அவர் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மரியாதைக் குறைவுதான். தெரிந்தேதான் செய்தேன்.

தாரை வார்க்கும் நேரம் ஐயர் குனிந்து என்னிடம், “பொண்ணோட தகப்பனார் பேரு?” என்று கேட்டார். மேடையில் இருந்த எல்லோரும் கொஞ்சம் விறைத்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னேன். அவர் ஒரு கணமும் தயங்காமல், “சந்தியாகு நாமதேயஸ்ய” என்று மந்திரத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு மண்டபத்துக்கு ஓட வேண்டியிருந்தது. ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பேர் இத்தனை நாள் என்னைப் படுத்தினீர்கள் என்று அந்த மேடையிலேயே கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்காமல் நீரை வார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை வந்தது. விசாவுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். பதிவு செய்யப் போன இடத்தில் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டிருக்கிறார்கள். அதில் பெண்ணின் தகப்பனார் சந்திரன், அவளுடைய சான்றிதழ்களிலும் ஆதாரிலும் சந்தியாகு. இரண்டும் பொருந்தவில்லை, சரியான பத்திரிகை கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

மத்தியானம் தலைமையாசிரியர் போன் செய்தார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, “சம்பந்தி, உங்க பத்திரிகை ஒண்ணு மிச்சம் இருக்கா?” என்றார்.

சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். இல்லை. கேட்டபோதெல்லாம் அந்தப் பெயருக்கு மரியாதை கொடுக்காதவர் காகிதம் தேவைப்படும்போது அதையே தேடி வருகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. “பொண்ணை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன்.

மகள் ஆட்டோவில் வந்தாள். கழுத்தில் புதுத் தாலி. மேசை இழுப்பறையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். பிரித்து வாசித்தாள். எங்கள் பத்திரிகையை அவள் முழுசாக வாசித்தது அதுதான் முதல் தடவை.

“ஜெயிச்சுட்டீங்கள்ல” என்றாள்.

“உன்னை ஜெயிக்கிறதுக்கா நான் பத்திரிகை அடிச்சேன்?”

“தெரியலப்பா. அப்படித்தான் இருந்துச்சு.” பத்திரிகையைப் பைக்குள் வைத்தாள். “பதிவு ஆபீஸ்ல இருந்த மேடம் அப்பா பேரு என்னன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள உங்க மாப்ள சந்திரன்னு சொல்லிட்டார். அவருக்கு உங்க நிஜப் பேரு வாயில வரலை. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.” பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “வாரேன்ப்பா” என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

சான்றிதழ் கிடைத்தது. மாப்பிள்ளை போய்விட்டான். மகள் இன்னும் நாலு மாதத்தில் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், சேர்ந்து சாப்பிடுகிறோம், பெயரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் இருவருமே கத்துவோம் என்று இருவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

போன வாரம் அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் தோட்டத்து மோட்டாரைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். “சந்திரன் அண்ணன் கடை இதுதானே?” என்று கேட்டார்.

“அப்படி இங்க யாரும் இல்லை.”

அவர் போர்டைப் பார்த்தார். குழம்பிப்போய் ஓரமாக நின்று யாருக்கோ போன் போட்டார். என் மகளுக்குத்தான் என்று அவர் பேசியதிலிருந்து தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொன்னாள்போல. அவர் “அப்படியா, மூணு பிள்ளைங்களுமா” என்று கேட்டுக்கொண்டே நின்றார். நடுவில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பேசி முடித்துவிட்டு வந்து ஆட்டோக்காரரோடு சேர்ந்து மோட்டாரை இறக்கினார்.

“எப்ப கெடைக்கும்ணே?” என்றார்.

“வியாழக்கிழமை வாங்க” என்று சொல்லிவிட்டு மோட்டாரின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.